"அவசரம்" என்று எழுதினால் திறக்கிற கதவு

மருந்து ஊழல் என்றால் நம்மாட்களுக்கு உடனே ஞாபகம் வருவது கவரில் கைமாறும் காசுதான். "எல்லாரும் கள்ளனுங்க" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுகிறோம். கள்ளன் யாரென்று நீதிமன்றம் பார்க்கட்டும். வேலி எங்கே பிரிந்து கிடக்கிறது என்று பார்ப்பது நம் வேலை. என் அபிப்பிராயத்தில் இலங்கையின் மருந்துச் சட்டத்தில் வேலி பிரிந்து கிடப்பது ஒரே ஒரு சொல்லின் பக்கத்தில். அந்தச் சொல் "அவசரம்".

முதலில் ஒரு மருந்து நேர்வழியில் எப்படி வருகிறது என்று பார்ப்போம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதியாத மருந்தை நாட்டுக்குள் கொண்டுவரவோ விற்கவோ முடியாது. பதிவுக்கு விண்ணப்பிக்கிறவர் ஒரு கட்டுக் காகிதம் கொடுக்க வேண்டும்: மருந்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எப்படிச் செய்கிறார்கள், எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும், தொழிற்சாலை நல்ல உற்பத்தி நடைமுறையைப் பின்பற்றுகிறதா, எல்லாவற்றுக்கும் ஆதாரம். கூடவே மாதிரிகள். ஏற்றுமதி செய்யும் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கொடுக்கும் சான்றிதழும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த மருந்து உங்கள் நாட்டுச் சந்தையில் உண்மையிலேயே விற்பனையில் இருக்கிறதா? "இல்லை" என்று பதில் வந்தால், ஊர்க்காரனுக்குக் கொடுக்காத பண்டத்தை நமக்கு ஏன் அனுப்புகிறாய் என்று திருப்பிக் கேட்கலாம். இதையெல்லாம் நிபுணர் குழு பார்த்த பிறகுதான் பதிவிலக்கம்.

இனி அந்தக் கதவுக்கு வருவோம். அதே சட்டத்தின் 109ஆம் பிரிவு, உயிர் காக்க, தொற்றுநோயைக் கட்டுப்படுத்த, அல்லது வேறு தேசிய அவசர நிலையில், பதிவில்லாத மருந்தையும் குறித்த அளவில் கொண்டுவர அதிகாரசபை அனுமதிக்கலாம் என்கிறது. அந்தப் பிரிவு தவறே இல்லை. பாம்புக்கடி மருந்து தீர்ந்துபோன ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு "காகிதக் கட்டு பூரணமாகட்டும்" என்று சொல்ல முடியாது. ஆனால் அவசரம் என்று யார் தீர்மானிக்கிறார்கள், அந்த அவசரம் எப்படி வந்தது, இந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை.

அவசரம் பெரும்பாலும் வானத்திலிருந்து விழுவதில்லை. அதைக் கந்தோரில் உட்கார்ந்தே செய்யலாம். அரச ஆஸ்பத்திரிகளுக்கு அடுத்த வருடம் என்ன மருந்து எவ்வளவு வேண்டும் என்று மருத்துவ வழங்கல் பிரிவு கணக்குப் போட வேண்டும். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் கேள்விப்பத்திரம் கோர வேண்டும். தொழில்நுட்பக் குழு பார்க்க வேண்டும், கொள்முதல் குழு பார்க்க வேண்டும், யாராவது ஆட்சேபித்தால் அதைத் தீர்க்க வேண்டும், வங்கியில் கடன் கடிதம் (விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி கொடுக்கும் உறுதி) திறக்க வேண்டும், பிறகு கப்பல். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே வருடத்தில் பெரும்பகுதி போய்விடும். இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியில் ஒரு கோப்பு மூன்று மாதம் தூங்கினால் போதும். யாரும் லஞ்சம் வாங்க வேண்டியதில்லை, கையெழுத்துப் போடாமல் இருந்தால் சரி. ஒன்பதாம் மாதம் களஞ்சியம் காலி. பத்தாம் மாதம் பத்திரிகையில் "மருந்துத் தட்டுப்பாடு". பதினோராம் மாதம் ஒரு கம்பெனி, "எங்களிடம் சரக்கு இருக்கிறது, பதிவுதான் இல்லை" என்று வந்து நிற்கும். விலையும் அவர்கள் சொல்வதுதான். மறுத்தால் "சனம் சாகுது" என்ற பழி. ஆக, தாமதம் செய்கிறவருக்கும் அவசரத்தில் விற்கிறவருக்கும் நடுவில் ஒரு நூல் இருந்தால் அதைக் காசுப் பரிமாற்றத்தில் தேடிப் பயனில்லை. கோப்பில் இருக்கும் திகதிகளில் தேட வேண்டும்.

2022ஐ மறக்க முடியாது, அது உண்மையான அவசரம். டொலர் இல்லை. மார்ச் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலையே மருந்தில்லாமல் வழமையான சத்திர சிகிச்சைகளை நிறுத்திவைத்தது. அதே மாதம் இந்தியா உணவுக்கும் மருந்துக்கும் அத்தியாவசியப் பொருட்களுக்குமாக 100 கோடி டொலர் கடன் வசதி கொடுத்தது. அந்த நேரத்தில் விதியைத் தளர்த்தியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வீடு எரியும்போது உடைத்த கதவை, தீ அணைந்த பிறகு பூட்ட வேண்டும். இங்கே அதைப் பூட்டாமல் வழக்கமான வாசலாகவே பாவித்தார்கள்.

பலன் 2023இல் தெரிந்தது. இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புக்கு உதவும் இரத்தப் புரதம்) என்று ஆஸ்பத்திரிகளுக்கு வந்த ஊசி மருந்தை ஏற்றிய நோயாளிகளுக்கு ஒவ்வாமை வந்தது. சோதித்துப் பார்த்தால் போத்தலில் இருந்தது இம்யூனோகுளோபுலினே இல்லை. போலி ஆவணங்களைக் காட்டி விநியோகித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கொள்முதல் நடந்த காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யப்பட்டார். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டதால் யார் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் போத்தல்களைப் பிடித்தது அதிகாரசபையின் காகிதப் பரிசோதனை அல்ல, துறைமுகமும் அல்ல. வார்டில் படுத்திருந்த நோயாளியின் உடம்புதான் பிடித்தது.

"அப்படியென்றால் வந்து இறங்கியதும் லெபில் சோதித்தால் போதுமே" என்று பலர் எழுதுகிறார்கள். இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும்.

2023 ஏப்ரலில் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கெடரக்ட் சத்திர சிகிச்சை செய்தவர்களுக்கு விட்ட பிரட்னிசொலோன் கண் துளியை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமி கலந்திருந்த அந்தத் துளியால் நுவரெலியாவிலும் கொழும்பிலும் நோயாளிகளின் கண் பாதிக்கப்பட்டது, சிலருக்குப் பார்வையே போனது. கண் துளிக்கு மருந்துத் தர நூல்கள் சொல்லும் கிருமியின்மைப் பரிசோதனை இப்படி: ஒரு தொகுதியில், அதாவது ஒரே தடவையில் செய்த சரக்கில், 200 போத்தலுக்கு மேல் இருந்தால் 10 போத்தலை எடுத்து, இரண்டு வகை வளர்ப்பு ஊடகத்தில் போட்டு, 14 நாள் வைத்திருந்து கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பார்கள். தொகுதியில் 10,000 போத்தல் இருக்கிறது, அதில் நூற்றுக்கு ஒன்று கெட்டது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 100 பேரின் கண்ணுக்குப் போகக்கூடிய கிருமி. நீங்கள் எடுக்கும் 10 போத்தலில் ஒன்றாவது கெட்டதாக இருக்க வாய்ப்பு நூற்றுக்குப் பத்துகூட இல்லை. பத்துத் தடவையில் ஒன்பது தடவை அந்தத் தொகுதி "பாஸ்". நூற்றுக்கு ஐந்து கெட்டிருந்தாலும் பிடிபட வாய்ப்பு நாற்பதுதான்.

அதனால்தான் உலகம் முழுக்க இறுதிப் பரிசோதனையை மட்டும் நம்பாமல் தொழிற்சாலையைப் போய்ப் பார்க்கிறார்கள். கிருமி போவது நிரப்பும் அறையின் காற்றில், வடிகட்டியில், தண்ணீரில், ஆட்களின் கையுறையில். அதை அங்கேதான் தடுக்கலாம். பதிவு நடைமுறையின் உயிரே அந்தத் தொழிற்சாலைச் சான்றுதான். 109ஆம் பிரிவுக் கதவால் நுழைகிற மருந்து பதிவு இல்லாமலே வருகிறது. பிறகு லெபில் பத்துப் போத்தலைச் சோதித்துவிட்டு "தரம் உறுதி" என்று சொல்வது, கொழுந்துக் கூடையில் மேலே கிடக்கும் ஒரு பிடிக் கொழுந்தை மட்டும் பார்த்துவிட்டு முழுக்கூடையும் நல்ல கொழுந்து என்பது போல.

சரி, கதவைக் காவல் காக்கிறவர் யாருடைய ஆள்? அதிகாரசபையின் நியமன உறுப்பினர்களை நியமிப்பவர் சுகாதார அமைச்சர். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தலைவரை நியமிப்பவரும் அவரே. அதாவது வாங்குகிறவரையும் வாங்குவதைச் சரிபார்க்கிறவரையும் ஒரே பேனை நியமிக்கிறது. அதிகாரசபையின் நிதியத்துக்கு, கம்பெனிகள் கட்டும் பதிவுக் கட்டணமும் ஒரு வருமானம். இவர்கள் எல்லாரும் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்த அமைப்பில் "முடியாது" என்று சொல்கிற அதிகாரி தன்னை நியமித்தவரையும் நிதியம் நிரப்புகிறவரையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்கிறார். எத்தனை பேரால் அது முடியும்?

பேராசிரியர் சேனக பிபிலே இதை ஐம்பது வருடத்துக்கு முன்பே கண்டவர். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு முதல் தலைவராக இருந்து, ஒரே மருந்தைப் பத்துப் பெயரில் இறக்குவதை நிறுத்தி, மருந்தின் மூலப்பெயரில் மொத்தமாக வாங்கும் வழியைப் போட்டார். அவர் பெயருக்கு மாலை போடாத அரசியல்வாதி இல்லை. அந்த வழியில் நடந்தவர்கள்தான் குறைவு.

கொழும்பு விசயம் இது, மலையில் இருக்கிற நமக்கென்ன என்று நினைப்பவர்கள் கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்க்கலாம். களஞ்சியத்தில் மருந்து இல்லை என்றால் நோயாளியின் கையில் ஒரு துண்டு கொடுபடும்: "வெளியில வாங்கிக்கொள்ளுங்க." டவுன் பாமசிக்குப் போனால் துண்டில் இருக்கும் பெயர் ஒரு கம்பெனியின் வணிகப் பெயர். சட்டப்படி மருந்தின் மூலப்பெயரை எழுத வேண்டும். கம்பெனிப் பெயரையும் சேர்த்து எழுதலாம், அதை மட்டும் எழுதுவது சரியல்ல. பாமசிக்காரரும் அதே மருந்து வேறு எந்தெந்தப் பெயரில், என்ன விலையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். யார் சொல்கிறார்? சீனி வருத்தக்காரருக்கு மெற்ஃபோமின் என்பது ஒரே மருந்துதான், பெட்டியின் நிறத்தைப் பொறுத்து விலை மாறுகிறது. கம்பெனி ரெப் கொடுக்கிற கலண்டரும் மாநாட்டுச் செலவும் அந்த நிறத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது. கேட்கிற விதம் சின்னது: "ஐயா, இதே மருந்து வேற பேர்ல விலை குறைவா இருக்கா? பதிவிலக்கம் உள்ளதா பார்த்துக் குடுங்க." வெட்கப்பட ஒன்றுமில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரி கதை இன்னும் பழையது. 1912இலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் கொண்டுவந்து தொழிலாளரின் வைத்தியப் பொறுப்பைத் தோட்டத்தின் தலையில் வைத்தார்கள். நூறு வருடம் தாண்டியும் பல தோட்டங்களில் மருந்து கொடுக்கிற வைத்திய உதவியாளருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டக் கம்பெனிதான். காய்ச்சலோடு போகிற பெண்ணுக்கு ஓய்வு எழுதுவதா, ரெண்டு பனடோலைக் கொடுத்து மலைக்கு அனுப்புவதா என்று தீர்மானிக்கிறவர், அன்றைக்கு எத்தனை பேர் குறைகிறது என்று துரைக்குப் பதில் சொல்லவும் வேண்டியவர். நல்ல மனுசராக இருந்தாலும் அவருடைய கை கட்டப்பட்டிருக்கிறது. அமைச்சர் – அதிகாரசபைப் பிரச்சினையின் சின்ன உருவம்தான் இது. தோட்ட வைத்தியத்தை முழுமையாக அரசு ஏற்க வேண்டும் என்று கேட்பதற்கு, கட்டடமும் அம்பியூலன்ஸும் இருக்கட்டும், இந்த ஒரு காரணமே போதும்.

இனி நாம் செய்யக்கூடியது. மருந்தில் ஏதோ பிழை என்றால் முதலில் தொலைவது தொகுதி இலக்கம். அரச ஆஸ்பத்திரியில் குளிசையைச் சின்னக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள், அதில் இலக்கம் இராது. பாமசியில் அட்டையைக் கத்தரிக்கும்போது இலக்கமும் காலாவதித் திகதியும் அச்சிட்ட ஓரம் கடையிலேயே நின்றுவிடும், நமக்கு வருவது மொட்டைத் துண்டு. அந்த ஓரத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டு உடம்புக்குச் சரியில்லாமல் போனால் மருந்தின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் கட்டில் அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள், அதே நேரத்திலேயே. போத்தல் குப்பைக்குப் போன பிறகு கேட்டுப் பயனில்லை.

அடுத்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதலாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஏன் மருந்தில்லை?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்படுகிறது" என்றுதான் பதில் வரும். திகதியையும் இலக்கத்தையும் கேளுங்கள்: இந்த மருந்து உங்கள் ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் எந்தத் திகதியில் முடிந்தது? அதற்கு முன் எந்தெந்தத் திகதிகளில் கோரிக்கை அனுப்பினீர்கள்? இந்த வருடம் வெளியில் வாங்கியது எவ்வளவு, யாரிடம், அலகு விலை என்ன? அதில் பதிவு விலக்கோடு, அதாவது 109ஆம் பிரிவுக் கதவால், வந்த தொகுதிகள் எவை? கடைசிக் கேள்வியை அதிகாரசபைக்கும் தனியாக அனுப்புங்கள், ஒவ்வொரு விலக்குக்கும் காட்டிய காரணத்தோடு. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் திகதியிட்ட ஒப்புகைத் துண்டு வாங்காமல் கந்தோரை விட்டு வெளியே வராதீர்கள். அந்தப் 14 நாளை எண்ணுவதற்கு வேறு ஆதாரம் உங்களிடம் இருக்காது.