கான் வெட்டக் கூப்பிட்டால் பிரபஞ்சத்தைக் காட்டுகிறார்கள்

அடைமழை தொடங்கும் முன்னர் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானைத் துப்பரவு செய்துவிடுவோம், வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வாருங்கள் என்று கூப்பிட்டால், அதற்கும் இப்போது விஞ்ஞானத்திலிருந்து பதில் வருகிறது. "பிரபஞ்சத்தை ஆரம்பத்துக்கே கொண்டுபோய் மறுபடி ஓடவிட்டாலும் இதேதான் நடக்கும் அண்ணே, சரிய வேண்டிய மண் சரியத்தான் செய்யும்" என்கிறார், தொலைபேசியில் காணொளி பார்த்தே ஞானியாகிவிட்ட ஒருவர். முன்பு தலையெழுத்து என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்கள். இன்று அதே சோம்பலுக்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் துணைக்கு வருகிறார்.

ஒரு கணத்தில் எல்லாப் பொருள்களின் நிலையையும் அவற்றை இயக்கும் விசைகளையும் அறிந்து கணிக்கவல்ல பேரறிவு ஒன்று இருந்தால், அதற்கு எதிர்காலமும் கடந்த காலத்தைப் போலவே வெளிச்சமாகத் தெரியும் என்றுதான் 1814இல் லாப்லாஸ் எழுதினார். (அந்தப் பேரறிவு எங்கள் தோட்டத்தில் பேர் பதிந்திருப்பதாக நான் கேள்விப்படவில்லை.) 1961இல் அமெரிக்க வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லொரென்ஸ், வானிலைக் கணக்கொன்றைக் கணினியில் மறுபடி ஓட்டும்போது 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கணக்கின் விதி ஒன்றேயானாலும், கணினிக்குள் இரண்டு மாத வானிலை ஓடி முடிவதற்குள் பழைய விடைக்கும் புதிய விடைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அணுவுக்குள் போனால் நிலைமை இன்னும் சிக்கல். கதிரியக்க அணு எந்தக் கணத்தில் சிதையும் என்பதைக் குவாண்டம் கோட்பாடு நிகழ்தகவாகவே சொல்கிறது. அதற்கு அடியில் எல்லாம் தீர்மானிக்கப்பட்டே இருக்கலாம் என்று 1952இல் இயற்பியலாளர் டேவிட் போம் முன்வைத்த விளக்கமும் இன்றுவரை உயிரோடிருக்கிறது. இயற்பியலாளர்களுக்கே தீராத வழக்குக்கு இவர் இஸ்தோப்பில் உட்கார்ந்தபடி தீர்ப்பெழுதுகிறார்.

சரி, அவர் சொல்வதே உண்மையென்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மண் சும்மா சரிவதில்லை. கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலை மிலாறும் பொலித்தீன் பையும் அடைத்த கானில் தண்ணீர் தேங்கி, சரிவுக்குள் ஊறி, மண்ணின் பிடிப்பைத் தளர்த்திய பிறகே அது இறங்குகிறது. அந்தக் காரணச் சங்கிலியில் கான் வெட்டிய கையும் ஒரு கண்ணி, வெட்டாமல் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்த கையும் ஒரு கண்ணி. எல்லாம் காரணப்படி நடக்கும் என்பதற்கும், நாம் என்ன செய்தாலும் ஒன்றுதான் என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களோடு மனிதர்கள் புதைந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே வந்திருந்தது. அதன் பிறகும் இந்த மலையில் இருந்துகொண்டு இப்படிப் பேச எப்படி வாய் வருகிறது?

இதே மனிதர், கொழுந்து இரண்டு கிலோ குறைந்ததென்று வீட்டுக்காரிக்கு அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளமாக்கினால், அதுவும் பெருவெடிப்பிலேயே தீர்மானமாகிவிட்டது என்று வாயை மூடிக்கொண்டு திரும்புவதில்லை. தராசடியில் நின்று கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறார். வர மனமில்லையென்றால் மனமில்லை என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்கு 1380 கோடி ஆண்டுப் பிரபஞ்சத்தை எதற்குச் சாட்சிக்கு இழுக்க வேண்டும்?