டெப் முதலில் வேண்டாம்
வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் டெப் (டேப்லட் கணினி) வாங்கச் சொல்கிறது இங்கே வெளியான கட்டுரை. சிக்னலுக்கே மேட்டில் ஏறி நிற்கும் எங்கள் மலையகத்து ஹட்டன் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் அது சரிவராது. சாதாரண தரப் (ஓ.எல்.) பரீட்சைக்குத் தயாராகும் என் மகளுக்கு, கல்வி வெளியீட்டுத் திணைக்களப் பாடநூல்களையும் தேசிய கல்வி நிறுவக ஆசிரியர் வழிகாட்டிகளையும் டவுனில் இலவசமாகத் தரவிறக்கி, வேண்டிய அலகுகளை மட்டும் பிரிண்ட் எடுத்தோம். காசு போனது கடந்தகால வினாத்தாள்களுக்கும் பெரிய சி.ஆர். அப்பியாசக் கொப்பிகளுக்கும்தான் (மழைக்காலத்தில் தாள் நமத்துப்போவது தனித் தலையிடி). அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் விலை கூடிய விஞ்ஞானப் பெட்டி அவசியம் என்கிறார். இலையில் மாப்பொருள் பார்க்க பார்மசி அயடீனும், இலையின் பச்சையை நீக்கக் கொஞ்சம் மதுசாரமும் (அல்ககோல்) போதுமே. மதுசாரத்தை மட்டும் நேரே அடுப்பில் வைக்காமல், அடுப்பை அணைத்துவிட்டு சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.