முதுகெலும்புக்கு நடுவே மரக்கட்டை

"அந்தக் காலத்தில் அறிவியல் வளரவில்லை, அதனால்தான் எலும்புகளைத் தப்பும் தவறுமாகக் கோத்தார்கள்" என்று பலரும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. காட்சிசாலை நடத்திவந்த ஆல்பர்ட் கோக் செய்ததைப் பாருங்கள்.

1840இல் அமெரிக்காவின் மிசூரியில் அவர் தோண்டியெடுத்தவை மாஸ்டடான் எலும்புகள். யானைக்குத் தூரத்து உறவான, அழிந்துபோன விலங்கு அது. கோக் கோத்து நிறுத்தியபோது 32 அடி நீளம், 15 அடி உயரம்! முதுகெலும்புகளையும் விலா எலும்புகளையும் இருக்க வேண்டியதைவிட அதிகமாகச் சேர்த்தார். முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மரக்கட்டைகளைச் செருகினார். தந்தங்களை இரு பக்கமும் அரிவாள் மாதிரி விரித்துவைத்தார். பைபிளில் யோபு 41ஆம் அதிகாரத்தில் வரும் ‘லிவியாதான்’ என்ற ராட்சத விலங்கு இதுதான் என்றார்.

மாஸ்டடான் அப்போது யாரும் அறியாத விலங்கா? பிலடெல்பியாவில் அருங்காட்சியகம் நடத்திய சார்லஸ் வில்சன் பீல் அதன் எலும்புக்கூட்டை 1801இலேயே நிறுத்திக் காட்டிவிட்டார். கோக் கோத்ததை விலைக்கு வாங்கிய பிரிட்டிஷ் மியூசியம் கூடுதல் எலும்புகளைக் கழற்றிவிட்டு மறுபடி கோத்தது. வழக்கமான மாஸ்டடான்தான் மிஞ்சியது.

கோக் அதோடு விடவில்லை. 1845இல், அலபாமாவில் திரட்டிய எலும்புகளைக் கோத்து 114 அடிக் கடல்பாம்பு என்று நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். கூட்டம் அலைமோதியது. உடற்கூறு வல்லுநர் ஜெஃப்ரீஸ் வைமன் பல்லைப் பார்த்தார்: ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர். ஊர்வனவற்றுக்கு அப்படி இருக்காது, பாலூட்டிக்குத்தான் இருக்கும். பிறகு முதுகெலும்புகள். வளரும் விலங்கில் ஒவ்வொரு கணுவின் முனைத்தட்டும் தனியாக நிற்கும், வளர்ந்து முடிந்ததும் ஒட்டிக்கொள்ளும். இங்கோ ஒரே முதுகில் இளசும் இருந்தது, முற்றியதும் இருந்தது. ஆக, பல விலங்குகளின் எலும்புகள். பாம்பே இல்லை, பாசிலோசாரஸ் என்ற பழங்காலத் திமிங்கிலம். அந்த விலங்கின் பல்லுக்கு இரட்டை வேர் இருப்பதை ஆங்கிலேய உடற்கூறு வல்லுநர் ரிச்சர்ட் ஓவன் 1839இலேயே எடுத்துச் சொல்லியிருந்தார். பல்லைப் பிடுங்கிப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை. பார்க்கும் மனசுதான் இல்லை.

கடோத்கசனின் எலும்புக்கூடு என்று நம் வாட்ஸ்அப்பில் இன்னமும் சுற்றும் படமும் இதே ரகம்தான். 2002இல் ஓர் இணையப் போட்டிக்காக ஒட்டிச் செய்தது அது. அதில் தெரியும் குழி, நியூயார்க் மாநிலம் ஹைட் பார்க்கில் 2000இல் எலும்பு தோண்டிய இடம். அங்கே கிடைத்ததும் மாஸ்டடான்தான்!

அந்தப் படத்தை அனுப்புமுன் ஒரு கணக்குப் போடுங்கள். மனிதனை அதே வடிவில் 10 மடங்கு உயர்த்தினால் எடை 1000 மடங்காகும். அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான் கூடும். படத்தில் இருப்பது நம் உடம்பின் அதே விகிதம். அந்த விகிதத்தில் கால் இருந்தால், ஓர் அடி எடுத்துவைத்தாலே முறிந்துபோகலாம்.