ஃபாஸ்ட் ஸ்கேன் நார்மல் என்றால் அடியே இல்லையா?

"விபத்தில் அடிபட்டவருக்குப் படுக்கையிலேயே எடுத்த ஸ்கேன் நார்மல், அப்புறம் சி.டி. எதற்கு, காசு பிடுங்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது, ஆனால் கணக்கு தப்பு. அந்த ஃபாஸ்ட் ஸ்கேன் (விபத்தில் அடிபட்டவருக்கு அவசரமாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) முக்கியமாகத் தேடுவது ஒன்றைத்தான்: உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா? இதயத்தைச் சுற்றி, கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவில், மண்ணீரல் பக்கம், அடிவயிற்றில். இருந்தால் திரையில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். கொஞ்சமாகக் கசிந்திருந்தால் கண்ணில் படாது. குடல் கிழிசல், முதுகுப்பக்கம் சிறுநீரகத்தை ஒட்டிய கசிவு இதெல்லாம் எளிதில் நழுவிவிடும். அதைத் தேடத்தான் சி.டி.

பிரஷர் இறங்கி, ஸ்கேனிலும் ரத்தம் தெரிந்தால் பெரும்பாலும் சி.டி.க்குக் காத்திராமல் நேரே ஆபரேஷன் தியேட்டர்தான். பிரஷர் நிலையாக இருப்பவருக்குத்தான் சி.டி. சில நேரம் அரை மணி கழித்து அதே ஸ்கேனைத் திரும்ப வைத்துப் பார்ப்பார்கள். முதலில் இல்லாத கறுப்புப் பட்டை அப்போது தெரிவதும் உண்டு.