மெத்தென்ற சீட் இடுப்பைக் காப்பாற்றாது

"மெத்துமெத்துன்னு லெதர் சீட் இருந்தா இடுப்பு வலியே வராது, ஷோரூம்ல அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தாலே தெரிஞ்சிடும்" என்று கார் சீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை அண்ணே.

லெதர் வெறும் மேலுறை. உடம்பைத் தாங்குவது உள்ளே இருக்கும் ஃபோம். அது ரொம்ப மென்மையாக இருந்தால் பிட்டம் புதையும், இடுப்பெலும்பு பின்னால் சாயும், கீழ்முதுகு வளைந்துவிடும். வலி பெரும்பாலும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். ஷோரூமில் எல்லா சீட்டும் சொகுசுதான்!

பார்க்க வேண்டியது அளவு. பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துவிட்டு, முதுகு ஒட்ட உட்காருங்கள். சீட் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே 2, 3 விரல் நுழையணும். உயரம் குறைந்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல்: விளிம்பு காலில் இடிக்கும், தானாக முன்னே சறுக்குவார்கள், முதுகு அந்தரத்தில் நிற்கும். பிரேக்கை முழுசாக மிதித்தாலும் முழங்கால் லேசாக மடிந்திருக்கணும். தோளை சாய்மானத்திலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீரிங்கின் மேல்விளிம்பில் உட்காரணும். சில கார்களில் ஸ்டீரிங் மேலும் கீழும்தான் அசையும், நம் பக்கம் நீளாது. நெட்டையானவர்களுக்குக் கால் சரியானால் கை எட்டாது. பருமனானவர்கள், சீட்டின் பக்கவாட்டு மேடு தொடையை நெரிக்கிறதா என்று பாருங்கள்.

குஷன் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பதும் அரைகுறை யோசனை. ஆள் உயர்ந்துவிடுவார், சீட்டின் இடுப்புத் தாங்கல் பழைய இடத்திலேயே இருக்கும். தலைத் தாங்கியையும் ஏற்ற வேண்டிவரும்.

டெஸ்ட் டிரைவில் இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனை மட்டும் சுற்றாதீர்கள். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் கொஞ்சம், பிறகு ஈப்போ நகரம் வரை ஓட்டுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.