மோரும் வேணும், ஈஆரும் வேணுமா?

ஆபீஸ் மெயில், விளம்பரம், வீடியோ தலைப்புன்னு இங்கிலீஷ்ல எங்க பார்த்தாலும் "மோர் பெட்டர்", "மோர் ஃபாஸ்டர்". படிக்கும்போதே பத்திக்கிட்டு வருது. ஃபாஸ்டர்ல கடைசியா அந்த ஈஆர் (-er) வந்தப்பவே "இன்னும் வேகமா"ங்கற அர்த்தம் முடிஞ்சுபோச்சு. அதுக்கு முன்னாடி எதுக்கு இன்னொரு மோர்?

ஷேக்ஸ்பியரே அப்படி எழுதியிருக்காரேன்னு மல்லுக்கு வர்றவங்க உண்டு. எழுதினார்தான். அவர் காலத்து இங்கிலீஷ்ல அது சகஜம். ஆனா 1762-லயே ராபர்ட் லோத்ங்கற இங்கிலாந்து இலக்கண ஆசிரியர் தன்னோட இலக்கணப் புத்தகத்துல இந்த இரட்டிப்பு முறையில்லைன்னு எழுதிட்டார். இன்னிக்கு எந்தப் பரீட்சையிலயும் அது தப்புதான்.

தப்பா எழுதறவங்க மேல எனக்குக் கோபமே இல்லை. சொல்லிக்கொடுத்த லட்சணத்து மேலதான் அத்தனை கோபமும். டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்னு ஒரு பாடம் இருக்கே, ஸ்ட்ராங், ஸ்ட்ராங்கர், ஸ்ட்ராங்கஸ்ட்னு மனப்பாடம் பண்ண வச்ச பாடம், அது முழுக்க ஆளையோ பொருளையோ வர்ணிக்கற அட்ஜெக்டிவ்! ஒருத்தர் எப்படி ஓடறார், எப்படிப் பேசறார், எப்படி உழைக்கறார்னு சொல்ற அட்வெர்ப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கறதில்லை. கடைசில "அட்வெர்புக்கும் இதே மாதிரிதான்"னு ஒரு வரி. இதே மாதிரி இல்லைங்க!

குயிக், குயிக்கர் சரி. குயிக்லிக்கு? "குயிக்லியர்"னு ஒண்ணு கிடையாது, மோர் குயிக்லிதான். கேர்ஃபுலி, கிளியர்லி, ஃப்ரீக்வென்ட்லின்னு எல்ஒய் ஒட்டின அட்வெர்ப் அநேகமா எல்லாத்துக்கும் முன்னாடி மோர். ஃபாஸ்ட், ஹார்ட், லேட், சூன் மாதிரி எல்ஒய் ஒட்டாத சின்ன வார்த்தைக்குக் கடைசில ஈஆர். ஏர்லி மட்டும் எல்ஒய்-ல முடிஞ்சாலும் ஏர்லியர்னு போகும். வெல் பெட்டராகும், பேட்லி வர்ஸாகும். இவ்வளவுதான் விஷயம், அரைப் பக்கம்கூட வராது. இதைச் சொல்லிக்கொடுக்க என்ன கேடு?

சமீபத்துல ஒரு சிபாரிசுக் கடிதம் என் கைக்கு வந்தது. ராப்பகலா உழைக்கற பொண்ணு. அவளைப் பத்தி, "ஷீ வொர்க்ஸ் மோர் ஹார்ட்லி தேன் அதர்ஸ்"னு எழுதியிருந்தாங்க. ஹார்ட் வேற, ஹார்ட்லி வேற. "ஷீ ஹார்ட்லி வொர்க்ஸ்"னா அவ கிட்டத்தட்ட வேலையே செய்யறதில்லைன்னுதான் அர்த்தம். மனசாரப் பாராட்ட நினைச்சவங்க கையாலயே அந்தப் பொண்ணு பேரு கெட்டுப்போக இருந்தது. ஹார்டர்னு ஒரே வார்த்தை போதுமே! லேட், லேட்லி கதையும் இதேதான். லேட்லின்னா சமீபகாலமா. மத்தவங்களைவிடத் தாமதமா வர்றவரைச் சொல்லணும்னா லேட்டர்.

அடுத்தது இந்த "வெரி பெட்டர்". வெரி குட் சொல்லலாம், வெரி ஃபாஸ்ட் சொல்லலாம். பெட்டர், ஃபாஸ்டர்னு ஒப்பிட ஆரம்பிச்சுட்டா தனியா ஒரு வெரியைக் கொண்டுவந்து ஒட்ட முடியாது. எவ்வளவு அதிகம்னு காட்ட மச், ஃபார், எ லாட் இருக்கு. கொஞ்சம்தான் அதிகம்னா எ பிட், ஸ்லைட்லி. மச் பெட்டர், ஃபார் மோர் கேர்ஃபுலி, எ பிட் ஏர்லியர். வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்க, தானா பழகிடும்.

இதைவிட எரிச்சல், அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டு அடுத்தவங்களைத் திருத்தற கூட்டம். "டிரைவ் ஸ்லோவர்"னு ஒருத்தர் சொன்னா உடனே பாய்ஞ்சு, "மோர் ஸ்லோலிதான் சரி"ங்கறாங்க. ஸ்லோ பல நூற்றாண்டாவே அட்வெர்பாவும் புழங்கற வார்த்தை. அகராதியைத் திறந்து பார்த்துட்டுத் திருத்தக்கூடாதா? அலுவல் கடிதத்துல மோர் ஸ்லோலி பொருத்தமா இருக்கும், பேச்சுல ஸ்லோவர் தாராளமாச் சொல்லலாம். சரியாப் பேசறவங்களைக் கூனிக்குறுக வச்சா, அவங்க அப்புறம் வாயையே திறக்கமாட்டாங்க.

பாடப்புத்தகம் எழுதறவங்களே, அடுத்த பதிப்புல அந்த அட்டவணையைக் கொஞ்சம் அகலமாப் போடுங்க. கேர்ஃபுல் பக்கத்துலயே கேர்ஃபுலி வரட்டும், குட் பக்கத்துல வெல் வரட்டும். ஹார்டுக்கு நேரா, ஹார்ட்லி வேற அர்த்தம்னு கொட்டை எழுத்துல போடுங்க.