‘மிதமான பாதை’ என்று எழுதிய புண்ணியவானுக்கு

“மலை, ஓடை, கடல் மூன்றும் ஒரே நாளில். தூரம் 84 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 1,100 மீட்டர். மிதமான பாதை.”

சைக்கிள் பாதைக் கோப்போடு வந்த குறிப்பு இவ்வளவுதான். எழுதிய புண்ணியவான் யாரோ, எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரே ஒரு தடவை, 20 கிலோ மூட்டையை சைக்கிளில் கட்டிக்கொண்டு பதினோராவது ஓடையிலிருந்து மேலே ஏறி வரட்டும். அதற்கப்புறமும் ‘மிதம்’ என்று எழுத அவருக்குக் கை வந்தால் காலில் விழுகிறேன்.

எனக்கு மலை மேல் கோபம் கிடையாது. மலை நேர்மையான ஆள். 22 கிலோமீட்டருக்கு 5 சதவீத ஏற்றம் என்றால் அதுவும் 1,100 மீட்டர்தான். காலையில் கிளம்பி, ஒரு கியரைப் பிடித்து, மூச்சும் மிதியும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டால், கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே இரண்டரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். ஏறினால் ஏறியதுதான். அந்தப் பக்கம் இறங்கும்போது பட்ட பாட்டுக்குக் கூலி கிடைத்துவிடும்.

இந்தக் கடலோர மேட்டு நிலம் இருக்கிறதே, அதுதான் ஏமாற்றுக்காரன். மலையில் பிறக்கிற ஓடையெல்லாம் எங்கே போகும்? கடலுக்கு. கரைக்கு இணையாகச் சாலை போட்டால் அது அத்தனை ஓடையையும் குறுக்கே தாண்டித்தானே ஆக வேண்டும்? ஓடைகளோ ஆயிரக்கணக்கான வருடங்களாக நிலத்தை அரித்துப் பள்ளம் பறித்து வைத்திருக்கின்றன. நெடுஞ்சாலை என்றால் உயரமாகப் பாலம் கட்டித் தாண்டிவிடும். சைக்கிளுக்கு ஏற்ற, வண்டி குறைந்த பழைய சாலை சரேலென்று கீழே இறங்கி, ஒரு குட்டிப் பாலத்தைக் கடந்து, மறுபடி விறுவிறுவென்று மேலே ஏறும். 60 மீட்டர் இறக்கம், 60 மீட்டர் ஏற்றம். அப்படி 18 ஓடை. பெருக்கிப் பாருங்கள், 1,080 மீட்டர் வந்துவிட்டது. தொடங்கிய உயரமும் முடித்த உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. எங்கேயும் ஒரு சிகரம் இல்லை, நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு பலகை இல்லை. நாள் முழுக்க ஏறியிருப்போம், எங்கே ஏறினோம் என்று காட்ட ஓர் இடம் இருக்காது.

“இறங்குகிற வேகத்திலேயே பாதி மேட்டை ஏறிவிடலாமே” என்பார்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து. எப்படி ஐயா ஏறுவது? இறக்கத்தின் அடியில் சாலை நேராகவா போகிறது? ஓடை எங்கே குறுகலாக இருக்கிறதோ அங்கே தாண்டுவதற்காகச் சாலை சட்டென்று ஒரு பக்கம் வளையும். ஒற்றை வண்டி போகிற அகலத்தில் பாலம். மரநிழலில் காயாத ஈரம், அதன் மேல் சருகு, ஓரத்தில் கொஞ்சம் சரளை. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிக்காமல் அந்த வளைவில் நுழைந்தால் நேரே தண்ணீருக்குள்தான். 60 மீட்டர் உயரத்தில் கால் சேர்த்து வைத்த சக்தி அத்தனையும் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போகிறது. பாலத்தின் மேல் நடைவேகம். முன்கூட்டியே கியரைக் குறைக்காமல் விட்டிருந்தால், ‘கடக் கடக்’ என்று செயின் அலறும், அடுத்த நொடி ஒரு கால் தரையில். எதிரே 12 சதவீத மேடு சுவர் மாதிரி நிற்கும். வளைவின் உள்பக்கம் அதைவிடச் செங்குத்து. மூட்டையோடு அங்கே நின்றுவிட்டால் மறுபடி ஏறி உட்கார்ந்து கிளம்ப முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

மூட்டை. அதைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு சொல் இல்லை. நான் 75 கிலோ, சைக்கிள் 15, பைகள் 20. ஆக 110 கிலோ. 12 சதவீத மேட்டில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகவே சுமார் 220 வாட் வேண்டும். என் எடையே உள்ள ஒருவர் 9 கிலோ பந்தய சைக்கிளில் சட்டைப் பையில் ஒரு போனோடு வந்தால் அவருக்கு 170 போதும். என்னிடம் இருந்த ஆகக் குறைந்த கியர் முன் பற்சக்கரத்தில் 34 பல், பின் பற்சக்கரத்தில் 34 பல். மிதி ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, சுமார் 2.1 மீட்டர் தூரம். மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 48 மிதி. செக்கு மாடு கூட இதைவிட உற்சாகமாகச் சுற்றும். ஏழாவது ஓடைக்கு மேல் இடது முழங்கால் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டது.

சரி, அந்த 1,100 மீட்டராவது உண்மையா? காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிற என் மணிக்கட்டுக் கருவி 1,300-ஐத் தாண்டிவிட்டது. அதே பாதைக் கோப்பை இன்னொரு செயலியில் போட்டால் அது மூன்றாவதாக ஒரு கணக்கு சொல்கிறது. இதற்கு ஒரு காரணம் உண்டு. பல செயலிகள் உயரத்தை எடுப்பது 2000 பிப்ரவரியில் நாசாவின் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரில் அளந்த தரவிலிருந்து. அற்புதமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தரவு நிலத்தைச் சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. 20 மீட்டர் அகல ஓடைப் பள்ளம் பக்கத்து மேட்டோடு கலந்து மழுங்கிவிடும். மரம் அடர்ந்த இடத்தில் ரேடார் பார்த்தது பெரும்பாலும் இலைகளை, தரையை அல்ல. அதாவது எந்தப் பள்ளத்தில் என் உயிர் போகிறதோ, அந்தப் பள்ளத்தைத்தான் அது தூர்த்து வைத்திருக்கிறது. கூடவே ஒவ்வொரு செயலியும் தன் இஷ்டத்துக்கு ஏற்ற இறக்கக் கோட்டை இழைத்து வழவழப்பாக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், சுரங்கப் பாதை வந்தால் அதே தரவு மேலே உள்ள மலையை ஏறச் சொல்லும். பயந்துபோய் அந்த வழியையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பாலமாவது இருந்ததே என்று நிம்மதிப்பட்டேன். பதினான்காவது ஓடையில் அதுவும் இல்லை. வரைபடத்தில் பாதைக் கோடு நீலக் கோட்டைத் தாண்டி நேராகப் போகிறது. நேரில் ஒரு சிமெண்ட் தளம், அதன் மேல் முழங்காலுக்குக் கீழே வரை வேகமாக ஓடுகிற தண்ணீர். மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் இப்படித் தண்ணீரில் இறங்கித் தாண்டும் இடத்தைக் குறிக்கத் தனிக் குறியீடே உண்டு. தரை தாரா, மண்ணா, சரளையா என்று குறிக்கவும் உண்டு. யாராவது குறித்து வைத்தால், அதைச் செயலியும் மதித்துக் காட்டினால்தானே? நான் பைகளைக் கழற்றி மூன்று நடை நடந்து அக்கரை சேர்த்தேன். சிமெண்டின் மேல் பாசி. ஒவ்வோர் அடியும் வைத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, அப்புறம் எடை போட வேண்டும். தலைக்கு மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடுத்தண்ணீரில் நின்றபோது போன் பேசியது: “நேராகச் செல்லவும்.”

இந்தக் கோப்பை எனக்கு அனுப்பியது ஒரு நண்பர். கரையில் உட்கார்ந்து காலுறையைப் பிழிந்துகொண்டே கூப்பிட்டேன். “நீ இந்தப் பாதையில் போயிருக்கிறாயா இல்லையா?” என்று கேட்டேன். “போயிருக்கேனே, ரெண்டு தடவை. காரில்.” காரில்! காரில் போகிறவனுக்கு 12 சதவீதம் என்பது காலைக் கொஞ்சம் அழுத்துவது. அவன் நினைவில் இருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்த கடல்.

கடலும் வந்தது, மாலை மூன்று மணிக்கு. ‘கடைசி 20 கிலோமீட்டர் சமதளம், ஓய்வாகப் போகலாம்’ என்று குறிப்பு. ஓய்வா? வெயிலில் நிலம் சூடேறினால் கடலிலிருந்து காற்று உள்ளே வரும், பிற்பகலில்தான் அது உச்சத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். காலையில் கடலோரத்தை முடித்துவிட்டு மலைக்குத் திரும்பினால் அதே காற்று முதுகைத் தள்ளும். ஆனால் பாதை போடுகிறவர்களுக்குக் கடல் பரிசு மாதிரி கடைசியில் வந்தால்தான் அழகு. நான் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது எதிரே அதே வேகத்தில் காற்று அடித்தால், காற்றைக் கிழிக்க மட்டும் நான்கு மடங்கு சக்தி வேண்டும். சாலை வளைந்து பக்கக் காற்றானதும் இரண்டு பைகளும் பாய்மரம் ஆகிவிட்டன. ஒரு லாரி கடந்த நொடியில் சைக்கிள் ஒரு முழம் விலகிப் போனது. கை நடுக்கம் அடங்க அரைக் கிலோமீட்டர் ஆயிற்று.

கடைசி 3 கிலோமீட்டர் ‘மணலில்’. கடல் பின்வாங்கியிருக்கும் தாழ் ஓதத்தில் ஈர மணல் இறுகியிருக்கும், மிதிக்கலாம். நான் போனது உயர் ஓதத்தில். எப்போது போக வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் விரலா தேய்ந்துவிடும்? தள்ளினேன். செயினுக்குள் மணலும் உப்பும் போய் விடிவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மேட்டில் இலகுவாக மிதிக்க, முன்னால் 26 பல், பின்னால் 36 பல் மாட்டிவிட்டேன். நேற்று அதே நண்பரிடமிருந்து இன்னொரு கோப்பு. “இது நிஜமாவே சமதளம்டா. ஒரே ஒரு சின்ன மேடு.” ஏற்றக் கணக்கைப் பார்க்கவே இல்லை. வரைபடத்தைப் பெரிதாக்கி, பாதையைக் குறுக்கே வெட்டுகிற நீலக் கோடுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். 23.